புத்த சுபாவமும் ஆலய விஞ்ஞானமும்

அறத்தில் நம்பிக்கை அறவே இழந்து, நன்மையின் வேர் முற்றும் அறுந்துபோன ஒருவன் என்றேனும் புத்த நிலையை எய்துதல் கூடுமோ? கி. பி. 5ஆம் நூற்றாண்டிலே, தென்சீனத்தின் தலைநகராயிருந்த சியான்காங் நகரத்துத் துறவிகளை இவ்வினா இரு கூறாக்கிற்று. இன்று நான்கிங் என வழங்குவது அந்நகரமே.

வழக்கிற்கு மூலமாயமைந்தது ஒரு நூல். 399ஆம் ஆண்டிலே சாங்கான் நகரினின்றும் புறப்பட்ட பாஹியன் என்னும் யாத்திரிகர், பாடலிபுத்திரத்திலே மகாயான மகாபரிநிர்வாண சூத்திரத்தின் பிரதியொன்றைப் பெற்றார். பின்னர் இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கினார். அனுராதபுரத்துப் புத்தர் சிலையின் முன் சீனத்துப் பட்டு விசிறியொன்றைக் கண்டு அவர் கண்ணீர் உகுத்த செய்தியை நேயர்கள் அறிந்திருப்பர். கடல்வழியே தாயகம் மீண்டபின், 417, 418ஆம் ஆண்டுகளிற் புத்தபத்திரர் என்னும் இந்தியத் துறவியுடன் கூடி அந்நூலை ஆறு சுருள்களாக மொழிபெயர்த்தார். எல்லா உயிர்க்கும் புத்த சுபாவம் உண்டென அது முழங்கிற்று. ஆயினும் நன்மையின் வேரறுந்தவனாகிய இச்சந்திகனை மட்டும் விலக்கி வைத்தது.

தாவோஷெங் என்பார் இவ்விலக்கை ஏற்கவில்லை. குமாரஜீவரிடம் பாடங்கேட்ட பேரறிஞர் அவர். இச்சந்திகனும் உயிருடையவனே; ஆகவே எல்லா உயிர்க்கும் உள்ளது அவனுக்கு மட்டும் எங்ஙனம் இல்லாதொழியும் என வாதித்தார். கையிலுள்ள பிரதி குறையுடையது என்பதே அவர் துணிபு. நூலின் சொல்லை மீறி நூலின் பொருளைக் காண முயன்ற இத்துணிவை அக்காலத் துறவியர் பொறுக்கவில்லை. 430ஆம் ஆண்டை அண்மித்த காலத்தில் அவர் தலைநகரை விட்டு வெளியேற்றப்பட்டார்.

இதற்கிடையில், வடமேற்கே லியாங் நாட்டிலே தர்மக்ஷேமர் அந்நூலின் விரிந்த வடிவமொன்றை 421ஆம் ஆண்டளவில் நாற்பது சுருள்களாக மொழிபெயர்த்து முடித்திருந்தார். அது தெற்கே வந்து சேர்ந்தபோது, அதன் பிற்பகுதியில் இச்சந்திகனுக்கும் புத்த சுபாவம் உண்டென்னும் கூற்றைக் கண்டனர். பழித்தவரே வியந்தனர். லூஷான் மலையிலே விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருக்கையில், 434ஆம் ஆண்டில், ஆசனத்திலிருந்தபடியே தாவோஷெங் உயிர்நீத்தார் என்பது அவருடைய சரிதம்.

ஆயினும் வழக்குத் தீரவில்லை. புத்த சுபாவம் உண்டெனின், அது உள்ளத்தில் எங்கே உறைகின்றது? இங்கேதான் விஞ்ஞானம் பற்றிய கொள்கை வந்து புகுகின்றது. இக்காலத்தார் விஞ்ஞானமென்று கூறும் பௌதிக, இரசாயனக் கலைகள் அல்ல அது. மணிமேகலை ஆசிரியர் 'உணர்வு' என்று தமிழ்ப்படுத்தியதே அது. யோகாசாரர் அவ்வுணர்வை எட்டாக வகுத்தனர். ஐம்பொறியுணர்வு ஐந்து, மனவுணர்வு ஒன்று, 'நான்' என்று பற்றும் மனசு ஒன்று, இவற்றின் அடியில் ஆலய விஞ்ஞானம். களஞ்சியத்தில் விதைநெல் கிடப்பதுபோல வினைகளின் வித்துக்கள் அதிற் கிடக்கும். தூய வித்தும் எல்லாருடைய களஞ்சியத்திலும் உண்டோ என்பதே வினாவின் புதிய வடிவம். என் கருத்தில் அதன் கூரிய வடிவமும் இதுவே.

இலங்கையைக் களமாகக் கொண்ட லங்காவதார சூத்திரம் ஆலய விஞ்ஞானத்தையும் புத்தரின் கருவாகிய ததாகத கர்ப்பத்தையும் ஒன்றெனவே பேசுகின்றது. குணபத்திரர் அதனை 443ஆம் ஆண்டிற் சீன மொழிக்குத் தந்தார். யுவான் சுவாங் 645ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற மரபோ இதற்கு மாறானது. உயிர்களை அது ஐவகையாக்கி, ஒருவகையினர் ஒருபோதும் விடுதலை பெறார் என்றது. தாவோஷெங் வென்ற வழக்கு இவ்வாறு இருநூறாண்டுகளின் பின் மீண்டும் மன்றேறிற்று. ஜப்பானிலும் 817ஆம் ஆண்டு முதலாகச் சாய்ச்சோவும் தொக்குஇட்சுவும் இதன்பொருட்டே எதிரெதிர் நூல்கள் எழுதினர்.

தேரவாதத்தார் இவ்வழக்கிற் புகவில்லை. சித்தம் இயல்பில் ஒளியுடையது, மாசுகள் வந்தேறியவை என்னும் கருத்து அங்குத்தர நிகாயத்தில் உண்டு. அவ்வொளிச் சித்தத்தை யாவருக்கும் உரிய புத்த சுபாவமாகக் கொள்ளாது, எண்ணங்களுக்கிடையே ஓடும் பவங்க சித்தமென அமைதியாக உரைத்தனர், அனுராதபுரத்து மகாவிகார மரபின் உரைகாரர்.