அந்நியரின் கைத்தடி

1992இல் பார்சிலோனா நகரத் தெருக்களில் குடிவரவாளர் சிலர் ஒரு விசித்திரமான கைத்தடியோடு நடமாடினார்கள். தடியின் உச்சியில் ஒரு சின்னஞ்சிறு வீடியோத் திரையும் ஒலிபெருக்கியும் இருந்தன. பற்றறி தோள்பையில் இருந்தது. திரையில் தெரிந்தது தடியை ஏந்தியவரின் முகமேதான். முன்னரே பதிவு செய்த தன் கதையை அது சொல்லிக்கொண்டிருந்தது. திரை மிகச் சிறியதாகையால், பார்க்க விரும்பியவர் கிட்ட வந்தே ஆகவேண்டும். வந்தவர் ஒரே மனிதரின் இரண்டு முகங்களை அருகருகே கண்டார்.

இக்கருவியை உருவாக்கியவர் கிறிஸ்தோவ் வொடிச்கோ. 1943இல், நாசிகளின் பிடியிலிருந்த வார்சோவில் பிறந்தவர். தொழில்துறை வடிவமைப்புப் படித்து 1968இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அவர் செய்த கருவியில் நெற்றிக்கு ஓர் ஒலிவாங்கியும் ஒளியை உணரும் கையுறைகளும் இருந்தன. அணிந்தவர் கைகளை அசைத்துத் தெருவோசையில் தான் கேட்பதை மாற்றிக்கொள்ளலாம். வாய் திறக்க முடியாத நாட்டில் காதுக்காவது ஒரு சுதந்திரம் என்றே இதை நாம் விளங்கிக்கொள்கிறோம்.

1977இல் அவர் கனடாவுக்குப் பெயர்ந்தார், பின்னர் நியூயோர்க்குக்கு. அங்கே 1988இல் தெருவில் வாழ்வோருடன் பேசி, அவர்கள் உறங்கவும், சேர்த்த போத்தல்களையும் தகரப்பேணிகளையும் வைக்கவும் ஏற்ற தள்ளுவண்டியொன்றை வடிவமைத்தார். 1993இல், வாயை மூடிக் கட்டும் ஒரு திரை. அதில் அணிந்தவரின் உதடுகள் அசையும், குரல் எழும்.

அகதியின் வாயைக் கட்டிவிட்டு யந்திரத்தைப் பேசவிடுவதா என்ற கேள்வி எமக்கும் எழுகிறது. தெருவில் கூடியவர்கள் மனிதரைவிட யந்திரத்தைத்தான் வேடிக்கை பார்த்தார்களோ என்ற ஐயமும் உண்டு. ஆனால் வேலைத்தலத்தில், கோப்பை கழுவும் தொட்டியடியில், எமது கதையை எவரும் கேட்டதில்லை. அதை முழுதாகக் கேட்ட ஒரே இடம் அகதி விசாரணை அறை. அன்று சொன்னது கோப்பில் உறைந்துவிட்டது. பின்னர் நினைவுக்கு வந்த திகதியை, வெட்கத்தால் மறைத்ததை, பயத்தால் விட்டதைச் சேர்க்கப் போனால், முன்னுக்குப்பின் முரண் என்றார்கள்.

கைத்தடியின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. அதை ஏந்தியவர் தன் பதிவுக்குக் குறுக்கே பேசலாம். அது அன்று சொன்னது, இன்று அப்படி நினைக்கவில்லை என்று வழிப்போக்கரிடம் சொல்லலாம். விசாரணை அறையில் பொய்யாகக் கொள்ளப்படும் முரண், தெருவில் உரையாடலின் தொடக்கமாகிறது. அடுத்து வந்த தடியொன்றின் நடுப்பகுதி கண்ணாடிபோல ஒளி புகுவது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள், பழைய படங்கள், விட்டுவந்த வீட்டுச் சாவிகள் அதற்குள் இருந்தன.

2020இல் நியூயோர்க் மடிசன் சதுக்கப் பூங்காவில், கடற்படைத் தளபதி பராகட்டின் சிலைமேல் பன்னிரண்டு அகதிகளின் முகங்களையும் குரல்களையும் வொடிச்கோ ஏற்றினார். வெற்றி வீரனுக்கு எழுப்பிய சிலை இரவுகளில் ஓடிவந்தவர்களின் வாயாயிற்று.

எமக்குச் சிலையும் இல்லை, தடியும் இல்லை. ஆனால் அதிகாரிக்குச் சொன்ன அதே கதையைத்தான் இங்கு பிறந்த எமது பிள்ளைகளுக்கும் சொல்லிவருகிறோம், அதே ஒழுங்கில், அதே இடத்தில் நிறுத்தி. வீட்டில் நிராகரிப்புக் கடிதம் தர யாருமில்லை. விட்டதை அங்கேயாவது சொல்லத் தொடங்கலாம்.