வெள்ளிக் கரண்டியும் முத்திரையெழுத்தும்

இங்கிலாந்தின் பழைய வெள்ளிப் பரிமாறு கரண்டிகளைத் தொகுப்போர், கரண்டியைக் கையிலெடுத்ததும் முதற்கண் அதன் காம்பின் பின்புறத்தையே நோக்குவர். அங்குப் பொறிக்கப்பெற்றுள்ள சிறு முத்திரைகளே அதன் வரலாற்றுக்குச் சான்று. அவற்றைப் படித்தல் கல்வெட்டுப் படித்தலை ஒத்ததாகும்.

1300ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஸ்டெர்லிங்’ தரத்தை, அதாவது ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளியை, வலியுறுத்திச் சிறுத்தைத்தலை முத்திரையை விதித்தது. 1363இல் செய்தோர் முத்திரையும், 1478இல் ஆண்டெழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. இலண்டன் பொற்கொல்லர் கழகம் தன் மண்டபத்தில் பொருள்களை மாற்றுப் பார்த்து முத்திரையிட்டது. ‘ஹால்மார்க்’ என்னும் சொல்லிலுள்ள ‘ஹால்’ இம்மண்டபத்தையே குறிக்கும். இன்று தமிழ்நாட்டு நகைக்கடைகளில் அச்சொல் வழங்கினும், அதனுள் ஒரு கட்டடம் இருப்பதை நினைவார் இலர்.

ஆண்டெழுத்து தனித்துப் பொருள் தருவதன்று. இலண்டனில் 20 எழுத்துகள் ஒரு சுழற்சியாக வழங்கின. சுழற்சி முடிந்ததும் எழுத்தின் வரிவடிவமோ அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாறியது. மேலும், 1660 முதல் 1974 வரை எழுத்து ஆண்டின் இடையில் மாறியதால், ஓரெழுத்து இரண்டு ஆண்டுகளைத் தழுவி நிற்கும். எனவே வரிவடிவம், கேடயம், உடனுள்ள பிற முத்திரைகள் ஆகியவற்றை ஒருங்கே நோக்கியே காலத்தைத் துணிதல் வேண்டும்.

அவ்வாறு துணிந்த பின்னரும் ஓர் இடர் எஞ்சுகிறது. 18ஆம் நூற்றாண்டில் அணியின்றிச் செய்யப்பெற்ற பெரிய கரண்டிகள் பல, 19ஆம் நூற்றாண்டில் கனியும் இலையும் புடைத்துத் தோன்றுமாறு தட்டப்பெற்றுப் பழம் பரிமாறும் கரண்டிகளாயின. சிலவற்றிற்குப் பொன்முலாமும் பூசினர். பழைய முட்கரண்டிகள் அரியன ஆதலின், கரண்டியின் குழிவை வெட்டி முட்கரண்டியாக்கி விற்றோரும் உளர். இவற்றில் முத்திரை மெய், வடிவமே பிற்காலத்தது. முத்திரையிட்ட பொருளை மாற்றுப் பார்க்கும் அலுவலகத்தின் இசைவின்றி மாற்றியமைத்தலை 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டம் குற்றமாக்கியது.

ஆகவே முத்திரை உலோகத்தின் தரத்திற்கும் அது முத்திரை பெற்ற காலத்திற்கும் சான்றாகுமேயன்றி, இன்றைய வடிவத்திற்குச் சான்றாகாது. சொல்லின் வேர் அதன் பிறப்பைக் காட்டினும் இன்றைய பொருளை உறுதி செய்யாமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அருங்காட்சியகப் பட்டியலை மொழிபெயர்ப்போர் ‘1770ஆம் ஆண்டுப் பழக்கரண்டி’ என எழுதின், இல்லாத ஒரு பொருளைப் படைத்தவராவர். முத்திரையின் ஆண்டையும் அணிவேலையின் காலத்தையும் தனித்தனியே குறித்தலே முறை.