நீரும் நீர்மையும்

தமிழில் 'நீர்மை' என்றொரு சொல் உண்டு. தன்மை, இயல்பு, குணம் என்பன அதன் பொருள்கள். குணத்தைச் சொல்லும் சொல்லிலேயே நீரை வைத்திருக்கும் மொழியினர்க்கு, 'நீரின் அளவு வேறு, அதன் தன்மை வேறு' என்னும் வாதம் வியப்பளிக்கலாம். அமெரிக்க நாட்டில் அவ்வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1969 ஜூன் திங்களில் கிளீவ்லாந்து நகரில், கயஹோகா ஆற்றின்மேல் படர்ந்திருந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. நீர் மாசு குறித்து நாடெங்கும் கவலை பெருகிய காலம் அது. 1972-இல், குடியரசுத் தலைவர் நிக்சனின் மறுப்பையும் மீறி, தூயநீர்ச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வோர் ஆறும் எப்பயனுக்கு உரியது என மாநிலங்கள் வகுக்க வேண்டும். அப்பயனுக்கு ஏற்ற தரத்தையும் விதிக்க வேண்டும். ஆற்றில் நீரை வெளியேற்றும் திட்டம் எதற்கும் நடுவணரசு உரிமம் தருமுன், தரம் கெடாது என்னும் மாநிலத்தின் சான்றிதழ் வேண்டும். இது அச்சட்டத்தின் 401-ஆம் பிரிவு.

புனல்மின் திட்டங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரமோ நடுவண் ஆற்றல் ஆணையத்திடம் இருந்தது. கலிபோர்னியாவின் ராக் கிரீக் என்னும் ஓடையில், மீன்களுக்காக இவ்வளவு நீரேனும் ஓட வேண்டும் என அம்மாநிலம் தன் நீருரிமைச் சட்டத்தின்படி விதித்தது. 1990-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. ஓட்டத்தின் அளவை வரையறுப்பது ஆணையத்தின் பொறுப்பே என்றது. அளவின் வழியே ஆற்றைக் காக்கும் வாயில் இவ்வாறு அடைபட்டது.

நான்கே ஆண்டுகளில் வேறொரு வாயில் திறந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் மலைகளிலிருந்து இறங்கி ஹூட் கால்வாய் என்னும் கடற்கழியில் கலப்பது டோசிவாலிப்ஸ் ஆறு. சால்மன் மீன்கள் கடலிலிருந்து எதிரேறி வந்து முட்டையிடும் ஆறு அது. டகோமா நகராட்சியும் ஜெஃபர்சன் மாவட்டப் பொதுப்பயன் அமைப்பும் அங்கு ஒரு மின்திட்டம் வகுத்தன. ஆற்றின் ஒரு பகுதி நீரைத் திருப்பி, சுழலிகளில் செலுத்தி, 1.2 மைல் தாண்டி மீண்டும் ஆற்றில் விடுவது திட்டம். அவ்விடைப்பட்ட பகுதியில் இயல்பாக வினாடிக்கு 149 முதல் 738 கன அடி வரை நீர் ஓடும். திட்டத்தார் 65 முதல் 155 கன அடி வரை விட்டுவைப்போம் என்றனர். பருவத்துக்கேற்ப 100 முதல் 200 கன அடி வேண்டும் என்று மாநிலம் தன் தரச் சான்றிதழில் நிபந்தனை இட்டது.

தூயநீர்ச் சட்டம் தரத்தைப் பற்றியது, அளவைப் பற்றியதன்று என்பது திட்டத்தாரின் வாதங்களுள் ஒன்று. 1994 மே 31-இல் எழுவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு மாநிலத்தின் சார்பில் அமைந்தது. நீர் மிகவும் குறைந்தால் குடிநீர், மீன்வளம் முதலிய பயன்கள் யாவும் அழியும். ஆகவே அளவையும் தரத்தையும் பிரிப்பது செயற்கையான பாகுபாடு என்பது அதன் சாரம். தீர்ப்பை எழுதிய சான்ட்ரா டே ஓகானர் அம்மையாரே 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. மாறுபட்ட இருவர், ஆணையம் பல நலன்களையும் எடைபோட்டு எடுக்கும் முடிவை மாநிலங்கள் தடுத்துவிடக்கூடும் என அஞ்சினர். அவ்வச்சத்தையும் புறந்தள்ளுவதற்கில்லை.

2006-இல் மெய்ன் மாநிலத்தின் பிரிசம்ப்ஸ்காட் ஆறு வழக்கானது. காகித ஆலைக்கு மின்சாரம் தந்த அணைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும் வேளையில், குறைந்த அளவு ஓட்டமும் மீன்கள் ஏற வழியும் வேண்டும் என்றது மாநிலம். அணை வழியே நீர் வெளிவருவதும் 401-ஆம் பிரிவுக்கு உட்பட்டதே என நீதிமன்றம் ஒருமனதாக உரைத்தது.

இக்காப்பு முழுமையானதன்று. உரிமம் கேட்கும்போதுதான் சான்றிதழ் பற்றிய கேள்வி எழும். ஓர் உரிமம் 50 ஆண்டுகள் வரையிலும் நீடிக்கலாம். அதுவரை ஆறு காத்திருக்க வேண்டும். ஆயினும் ஓர் உண்மை நிலைபெற்றது. நஞ்சு ஒரு துளியும் கலவாமலே ஓர் ஆற்றைக் கெடுக்க முடியும். அதன் நீரை எடுத்துவிட்டால் போதும். ஆற்றைப் பாடுவோர் அதன் அழகோடு அதன் அளவையும் கேட்டறிதல் நன்று. நீர் போனபின் நீர்மை எங்கே நிற்கும்?