டல்லஸ் கற்பித்ததும் வைஃபை மறந்ததும்: மருத்துவக் கருவிகளின் அலைக்கற்றை உரிமை

1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. தொலைக்காட்சி நிலையம் 9ஆம் சானலில் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தது. உடனே பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதய நோயாளிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கம்பியில்லா டெலிமெட்ரிக் கருவிகள் பல செயலிழந்தன. விவரம் தெரிந்ததும் நிலையம் சோதனையை நிறுத்தியது, நோயாளிகளுக்குத் தீங்கில்லை. சட்டப்படி நிலையத்தின்மீது குற்றம் சொல்ல இடமில்லை. காலிச் சானலில் மருத்துவமனைதான் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

2000இல் அந்நாட்டின் எஃப்.சி.சி. ஆணையம் மருத்துவ டெலிமெட்ரிக்கென்றே அலைக்கற்றை ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி 608–614 மெகாஹெர்ட்ஸ், அதாவது வானொலி வானியலுக்காக டிவிக்குத் தராமல் வைத்திருந்த 37ஆம் சானல். விண்மீன்களுக்குக் காது கொடுப்பவர்களைவிடச் சத்தமில்லாத அண்டை வீட்டார் கிடைப்பது அரிது.

இவ்வளவு போராடிப் பெற்ற உரிமையை மருத்துவமனைகள் பின்னர் தாமாகவே கைவிட்டு வருகின்றன என்பதே என் வாதம். காரணம் புரிகிறது. ஒதுக்கிய கற்றை குறுகியது. குரலுக்கும் வீடியோவுக்கும் அங்கே அனுமதியில்லை. வைஃபையோ ஏற்கெனவே கூரையெங்கும் இருக்கிறது. ஆனால் வைஃபை உரிமம் வேண்டாத அலை. குறுக்கீடு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். வைஃபை பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பல சானல்களில் ராடாருக்கே முதலிடம். ராடார் அலை தென்பட்டால், கூரையில் மாட்டிய வைஃபை பெட்டியான அக்சஸ் பாயின்ட் 10 விநாடிக்குள் அந்தச் சானலைக் காலி செய்தாக வேண்டும். போய்ச் சேரும் சானலும் அதே வகையானால், அங்கே ராடார் இல்லை என்று குறைந்தது 60 விநாடி கேட்டறிந்த பிறகே பேசலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகும் நோயாளிக்கு ஒரு நிமிடம் என்பது சிறு இடைவெளியன்று. வேறு பெயரில் இதுவும் டல்லஸ்தான்.

வெளியிலிருந்து வரும் இடையூறாவது சட்டத்தின் கைக்கு எட்டும். உள்ளே நடப்பது எட்டாது. சட்டைப் பையில் டெலிமெட்ரிப் பெட்டியுடன் ஒருவர் வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு நடக்கிறார். பழைய அக்சஸ் பாயின்ட்டின் சிக்னல் தேய்கிறது. தலைக்கு மேலேயே புதியது இருக்கிறது. எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது பெட்டிதான், கூரையிலிருப்பது அன்று. ஒரு தயாரிப்பாளரின் பெட்டி சட்டென்று மாறும். இன்னொன்று பழையதையே பிடித்துத் தொங்கும். ஐ.டி. பிரிவு எத்தனை அக்சஸ் பாயின்ட் மாட்டினாலும் அந்தப் பிடிவாதம் போகாது. கருவி பயோமெடிக்கல் பிரிவின் பொறுப்பு, கூரை ஐ.டி.யின் பொறுப்பு; நடுவிலுள்ள காற்றுக்கு ஆளில்லை.

2010இல் வந்த ஐ.இ.சி. 80001-1 தரநிலை இந்த இடைவெளியைச் சரியாகவே கண்டது. மருத்துவக் கருவிகளைச் சுமக்கும் வலையமைப்பின் இடர்ப்பொறுப்பை மருத்துவமனையிடமே வைத்தது. ஆனால் தாவும் விதி தயாரிப்பாளரின் மென்பொருளுக்குள் இருக்கையில், மருத்துவமனை எதை வைத்து இடரை மதிப்பிடும்? கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்த சிக்னல் அளவில் பெட்டி தாவும், ராடார் சானல்களை அதில் அணைத்துவைக்க முடியுமா, தரவு நின்று எத்தனை விநாடியில் நர்ஸ் மேசையில் அலாரம் அடிக்கும்.