முனீசுவரன் கோயில் தெரு

காரைக்குடிக்குப் போகிறவர்கள் பலகாரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். தேன்குழலும் சீடையும் தாராளமாக வாங்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்று கைவசம் இருந்தால் முனீசுவரன் கோயில் தெருவுக்கும் போய்வாருங்கள் என்பேன்.

மங்குத் தட்டு, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்கில் கடைந்த தூண் எல்லாம் அங்கே பழைய சாமானாகக் குவிந்து கிடக்கின்றன. தூண் எப்படி ஐயா கடைக்கு வரும்? வீட்டைப் பிரித்தால்தான் வரும்!

கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930இல் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் நகரத்தார் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 ஆயிற்று. கேட்டுப் பெற்ற நிலமல்ல. வந்து விழுந்த நிலம். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. வருமானம் போயிற்று, வளவும் பட்டாலையும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகளோ பலர். ஓடு மாற்றுவது யார் செலவு?

பக்கத்து ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிமேல் வர்ணக் கலவை ஊற்றி, சூளையில் சுடாமலே தரைக்கல் செய்கிறார்கள். அது புதுசு, எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

நான் ஒரு பித்தளைச் செம்பு வாங்கினேன். கழுத்தில் ஏதோ ஒரு குடும்பத்தின் விலாசம் வெட்டியிருந்தது. தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார் கடைக்காரர். வேண்டாம் என்றேன்.