கடைசி வள்ளமும் தங்க ஓர் அறையும்

நயினாதீவில் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்கை விடுறது?" என்பதுதான். பள்ளிக்கூடத்தின் பேர், பாடம், செலவு எல்லாம் பிறகு வரும். யாழ்ப்பாண நகரம் எங்களுக்கு நாற்பது கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. 776 ஆம் இலக்க பஸ் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் துறையில் வந்து நிற்கும். அங்கிருந்து மோட்டார் வள்ளம். மாலையில் கடைசி வள்ளத்தைத் தவறவிட்டால் எதிரே தெரிகிற ஊருக்குப் போக வழியில்லை. சோழகம் பலத்து வீசும் மாதங்களில் கடலே நேரத்தைத் தீர்மானிக்கும். காலை எட்டு மணிப் பாடத்துக்கு நகரத்துக்குப் போய், ரியூசனும் முடித்துவிட்டு இரவு வீடு திரும்புவது எங்கள் பிள்ளைகளால் முடியாத காரியம். ஆகவே தங்க ஓர் இடம் கிடைத்தால்தான் படிப்பு.

நான் அந்தத் தீவில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து உயர்தரம் படித்தேன். பிறகு யாழ்ப்பாண நகரை அடுத்த திருநெல்வேலியில் ஒரு வீட்டறையில் இருந்து பல்கலைக்கழகம் முடித்தேன். ஆசிரியையாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். எங்கள் பகுதிக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தை யார் எந்த ஆண்டில் தொடங்கினார் என்று விரிவாக எழுதுகிறார்கள். படிக்க வந்த பிள்ளை இரவில் எங்கே படுத்தது, அதற்கு யார் சோறு போட்டது என்று எழுதுவது குறைவு. அந்தக் குறையைத்தான் இங்கே கொஞ்சம் நிரப்பப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நவீன விடுதி அமெரிக்க மிஷனோடு வந்தது. 1816இல் வந்த மிஷனரிகள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையம் அமைத்தார்கள். ஊர்ப் பள்ளிகளில் பகலில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போனதும் கரைந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிள்ளையைத் தங்களுடனேயே வைத்திருந்தால் படிப்பும் நிற்கும், மதமும் மாறும் என்பது அவர்கள் கணக்கு. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அதன் முதல் தலைவர் டானியல் பூர். சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாம் மிஷனுடையது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நம் அறிஞர்களின் பெயருக்கு முன்னால் அந்நியப் பெயர் ஒன்று நிற்பது இதனால்தான். விடுதிக் கட்டணத்துக்கு ஈடாகப் பெயரையே கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. தொடக்ககாலத்தில் கிறிஸ்தவர் கூரையின் கீழ் உண்ண மறுத்ததால், அவர்களுக்காகச் சமையற்கட்டைப் பக்கத்திலிருந்த சைவர் ஒருவரின் காணியில் அமைக்க வேண்டியதாயிற்று. படிப்பு ஒரு வளவில், சோறு இன்னொரு வளவில். பிறகு மெல்ல மெல்ல அந்த வேலி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டை விடுதியில் வளர்ந்தவர்கள்தான். சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர்களின் முன்னோடியான தாமோதரம்பிள்ளையை நமக்கு ஆக்கித் தந்ததில் அந்த விடுதிக்கும் பங்கு உண்டு. மிஷனரிகள் எதிர்பார்த்த பலன் இது அல்ல. மதம் மாறியோர் போதாது, ஆங்கிலம் கூடிவிட்டது என்று அமெரிக்காவிலிருந்து வந்த குழு கருதியதால் 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

பெண்களுக்கு உடுவில். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப் பள்ளி அது. அதன் தோற்றத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் ஒருநாள் பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்கினார்களாம். அந்த ஒரு இரவிலிருந்துதான் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் எண்ணம் நடைமுறைக்கு வந்ததாம். படிப்பை முடிக்கும்வரை இருக்கும் பெண்ணுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. பெண்ணைப் படிக்க விட்டால் கலியாணம் நடக்காது என்று பயந்த ஊருக்கு அதைவிட நேரான பதில் வேறென்ன? 1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். அவரிடம் படித்த தாய்மாரின் பிள்ளைகளும் பிறகு அவரிடமே படித்தார்கள்.

இவையெல்லாம் எங்கள் தீவுக்கு எட்டாத இடங்கள் அல்ல. வட்டுக்கோட்டைக்குத் தெற்கே அராலித்துறை. கடலேரிக்கு அப்பால் வேலணை. ஆனால் எங்கள் ஊர் நாகபூசணி அம்மன் கோயில் வாசலில் பிள்ளைக்கு ஏடு தொடக்கிய குடும்பங்களில் பல, மிஷன் விடுதி என்றாலே தயங்கின. அந்தத் தயக்கத்துக்கு மருந்து சைவ விடுதிதான். 1890இல் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்காகத் தொடங்கிய இராமநாதன் கல்லூரி, 1921இல் அவரே திருநெல்வேலியில் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி ஆகியவற்றின் விடுதிகளில் விபூதி பூசி, தேவாரம் பாடி, மரக்கறிச் சோறு சாப்பிட்டுப் படிக்கலாம். நாள்தோறும் மீன் சாப்பிட்டு வளர்ந்த தீவுப் பிள்ளைக்கு அந்த மரக்கறிச் சாப்பாடுதான் பெரிய தவம்! நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் மகன் நெவின்ஸ் செல்வதுரை இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மிஷன் விடுதி வளர்த்த குடும்பமே சைவப் பள்ளிக்கூடத்துக்கு உழைத்திருக்கிறது.

விடுதி எல்லாருக்கும் திறந்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சாதி பார்த்தார்கள். வகுப்பில் யார் வாங்கில் இருப்பது, யார் நிலத்தில் இருப்பது, சாப்பாட்டு அறையில் யார் பக்கத்தில் யார் என்பதெல்லாம் 1920களிலும் சண்டைக்குரிய விஷயங்களாக இருந்தன. 1924இல் தோன்றி, 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த மாணவர் காங்கிரசின் இளைஞர்கள் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் நின்றார்கள். ஒரே கூரையின் கீழ் படுத்து எழும்பும் பிள்ளைகளை ஒரே பந்தியில் இருத்தாமல் விடுவது அநியாயம் என்று அவர்கள் கண்டது சரியானது.

ஏழைப் பிள்ளைக்கு வழி திறந்தது 1940களில். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிடைத்த கிராமத்துப் பிள்ளையை அங்கே விடுதியில் வைத்து அரசாங்கமே படிப்பிப்பது என்பது திட்டம். தீவகத்துக்குக் கிடைத்தது வேலணை மத்திய கல்லூரி. கல்வி இலவசம் என்பதைக் கொண்டாடுகிறவர்கள், அதோடு படுக்கையும் சோறும் சேர்த்து வைக்கப்பட்டதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தீவாருக்கு இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனே இல்லை.

அரசாங்கம் தராத இடத்தில் பணம் எங்கிருந்து வந்தது? தெற்கிலிருந்த கடைகளிலிருந்து. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆண்கள் பலர் கொழும்பிலும் சிங்கள ஊர்களிலும் பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார்கள். அப்பா கடையில், அம்மா தீவில், பிள்ளை யாழ்ப்பாணத்து விடுதியில் என்று ஒரு குடும்பம் மூன்று இடத்தில் வாழ்ந்தது. மாதம் பிறந்ததும் கடையிலிருந்து மணியோடர் வரும். என் வீடும் அப்படித்தான்.

விடுதிக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியலைப் பள்ளிக்கூடம் முன்கூட்டியே தபாலில் அனுப்பும்: பாய், தலையணை, விரிப்பு இரண்டு, வாளி, கோப்பை, பேணி. எல்லாவற்றையும் அம்மா ஒரு றங்குப்பெட்டியில் அடுக்கினார். பெட்டியின் மூடியில் என் பெயரையும் ஊரையும் வெள்ளைப் பெயின்றில் அப்பா எழுதியிருந்தார். அதோடு ஒரு ஓலைப் பெட்டி நிறையப் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும். வள்ளத்தில் அலை அடித்தால் நனையாமல் இருக்கப் பெட்டியின் மேல் சாக்கு விரித்திருப்போம். விடுதியில் விடியமுன் மணி அடிக்கும். கிணற்றடியில் முறை வைத்துக் குளிப்பு. எங்கள் தீவில் கிணறுகள் பல உவர். நல்ல தண்ணீரை வாளி வாளியாக அள்ளி வார்க்க முடிந்ததே முதல் நாள் எனக்கு ஆச்சரியம். மாலையில் விளக்கடியில் படிப்பு நேரம். யாரும் வாய் திறக்கக் கூடாது. வருகிற கடிதங்களைப் பொறுப்பாசிரியை பிரித்து வாசித்த பிறகுதான் எங்களிடம் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வருவார்கள். கடல் கடந்து வரவேண்டிய தாய்மார் எல்லா ஞாயிறும் வருவதில்லை. அம்மன் கோயில் ஆனித் திருவிழாவுக்கு லீவு கேட்டு நாங்கள் தீவுப் பிள்ளைகள் ஒன்றாகப் போய் நிற்போம். அதை மட்டும் மறுத்ததில்லை.

பல்கலைக்கழகம் என்றால் என் மூத்தவர்களுக்குப் பேராதனை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை அதன் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952இல் மகாவலிக் கரைக்குக் கொண்டுபோனார். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போல மாணவர் எல்லாரும் அங்கேயே தங்கிப் படிப்பது என்பது அவர் திட்டம். அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி என்று தமிழர் இருவரின் பெயரும் அங்கே நிலைத்தன. பின்னர் மாணவர் தொகை பெருகியபோது எல்லாருக்கும் அறை என்ற கனவு தளர்ந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையில் தொடங்கியபோது பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களே அதற்கு இடம் கொடுத்தன. விஞ்ஞானப் பாடங்கள் வட்டுக்கோட்டையில் நடந்தன. விடுதி வசதி மிகக் குறைவு. தங்கவைக்கும் பொறுப்பைத் திருநெல்வேலி, கொக்குவில், கலட்டிப் பக்கத்து வீடுகள் ஏற்றுக்கொண்டன.

அறை பிடிப்பது அன்று கடிதத்தால் ஆகிற காரியமல்ல. தெரிந்த ஒருவர் நேரே கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு என் சின்னம்மா வந்தார். வீட்டுக்கார மாமி வாசற்படியில் நின்றபடி கேட்டார்.

"எந்த ஊர் பிள்ளை?"

"நயினாதீவு."

"ஆரின்ரை பிள்ளை?"

இரண்டாவது கேள்வியின் உள்ளே சாதி இருந்தது. வாடகை, சாப்பாடு, குளியல் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தக் கேள்விக்குச் "சரியான" பதில் இல்லாததால் எத்தனை பிள்ளைகள் படலையோடு திரும்பினார்கள் என்பதை எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை. அதே மாமியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழருக்கு எதிரான 1977 ஓகஸ்ட் கலவரத்தில் அப்பாவின் கடை சூறையாடப்பட்டது. மணியோடர் நின்றது. றங்குப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் விடைபெறப் போனேன். "ஆர் உன்னைப் போகச் சொன்னது? கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு" என்றார். கடைசிப் பரீட்சைவரை அவர் என்னிடம் வாடகை வாங்கவில்லை. அப்படிப் பல வீடுகள் அன்று இருந்தன. தெற்கில் ஒவ்வொரு முறை கடைகள் எரிந்தபோதும் தீவகத்துப் பிள்ளைகள் சிலரின் படிப்பு நின்றது. பெண் பிள்ளைகளைத்தான் முதலில் திருப்பிக் கூப்பிட்டார்கள். படிப்பு நிற்காமல் காத்தவர்களில் பாதிப்பேர் இந்த மாமிமாரே. பட்டமளிப்பு விழா மலர்களில் அவர்கள் பெயர் இல்லை.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கடல் கடக்கிற ஒவ்வொரு காலையும் பயம்தான். 1990இல் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. 1995 முடியும்வரை தீவு ஒருவர் கையில், குடாநாடு இன்னொருவர் கையில். தாய் அங்கே, விடுதியில் பிள்ளை இங்கே என்று பிரிந்து கிடந்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர்களே எழுத வேண்டும்.

இன்று பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றிய ஒழுங்கைகளில் மாடிவீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு நிற்கின்றன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தொலைபேசியில் படம் பார்த்து, முற்பணம் அனுப்பி அறை பிடிக்கிறார்கள். "ஆரின்ரை பிள்ளை" என்ற கேள்வி குறைந்திருக்கிறது, வாடகை கூடியிருக்கிறது. பல்கலைக்கழக விடுதிகளும் பெருகியிருக்கின்றன. ஆனாலும் விடுதி இடம் பகிரும்போது தூரம் பார்ப்பது பொதுவான வழக்கம். தூரத்தைத் தரைவழிக் கணக்கில் மட்டும் பார்த்தால் நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் எழுவைதீவும் "கிட்ட" உள்ள ஊர்கள் ஆகிவிடும். மாத்தறைப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது நியாயம். அதே நியாயம், பிற்பகல் விரிவுரை முடிந்து துறைக்கு ஓடினாலும் வள்ளத்தைப் பிடிக்க முடியாத எங்கள் பிள்ளைக்கும் வேண்டும்.

பள்ளிக்கூடமானாலும் பல்கலைக்கழகமானாலும் விடுதிக்குப் பொறுப்பானவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: தீவகத்துப் பிள்ளையின் விண்ணப்பம் கையில் வந்தால் கிலோமீற்றரைப் பார்க்கும் முன்பு, அந்தப் பிள்ளையின் துறையிலிருந்து கடைசி வள்ளம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.