இரட்டையாட்சிக் காலத்துச் சென்னைச் சட்டசபை

1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபை, ஆளுநர் தாமே நியமித்த சிலர் கூடிச் சட்டம் இயற்ற உதவும் குழுவாகவே தொடங்கியது. 1892, 1909ஆம் ஆண்டுச் சட்டங்கள் உறுப்பினர் தொகையையும் கேள்வி கேட்கும் உரிமையையும் கூட்டினவே தவிர, தேர்ந்தெடுக்கப்பட்டோர் அங்கே பெரும்பான்மை பெறவில்லை. அந்நிலை மாறியது 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால்தான்.

அச்சட்டத்தின்கீழ் 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் 98 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட, 29 பேர் நியமிக்கப்பட்டனர். ஆளுநரின் நிர்வாகக் குழுவினர் பதவி வழியாக அவையில் அமர்ந்தனர். முஸ்லிம்கள், இந்தியக் கிறிஸ்தவர்கள், நிலவுடைமையாளர்கள், வணிகர்கள் ஆகியோருக்குத் தனித்தொகுதிகள் இருந்தன; பொதுத்தொகுதிகளின் 65 இடங்களில் 28 பிராமணர் அல்லாதாருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோலாக இருந்ததால், ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேரே வாக்காளராயினர். ஒடுக்கப்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் இவ்வரம்புக்கு வெளியே நின்றமையால், எம்.சி. ராஜா போன்றோர் நியமனம் வழியாகவே அவைக்குள் வர நேர்ந்தது. வாக்குரிமையைச் சொத்தோடு பிணைத்ததன் கொடுமை இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஒத்துழையாமை இயக்கத்தை ஒட்டிக் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்ததால் நீதிக்கட்சி வென்று, ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். ஆயினும் ஆட்சி இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது: நிதி, காவல், நிலவரி, பாசனம் முதலிய ‘ஒதுக்கப்பட்ட துறைகள்’ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும், கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மதுவரி முதலிய ‘மாற்றப்பட்ட துறைகள்’ அவைக்குப் பொறுப்புடைய அமைச்சர்களிடமும் இருந்தன. ஒதுக்கப்பட்ட துறைக்கான மானியத்தை அவை மறுத்தாலும், அது இன்றியமையாதது என்று சான்றளித்து ஆளுநர் அதனை மீட்டுக்கொள்ளலாம். வளர்ச்சித்துறை அமைச்சராயிருந்த கே.வி. ரெட்டி நாயுடு, தம் பொறுப்பில் வேளாண்மை இருந்தும் பாசனம் இல்லை, தொழில்துறை இருந்தும் தொழிற்சாலையும் மின்சாரமும் இல்லை என்று வருந்தினார். வயல் ஒருவரிடமும் வாய்க்கால் மற்றொருவரிடமும் இருக்க, விளைச்சலுக்கு மட்டும் அமைச்சர் வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை தளைகளுக்கிடையிலும் அவ்வவை தன் கைக்கு எட்டிய உரிமையைத் துணிவோடு பயன்படுத்தியது. பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மாகாண அவைகளிடமே விடப்பட்டிருந்தமையால், 1921 ஏப்ரலில் சென்னை அவை அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றி, மற்ற மாகாணங்களுக்கு முன்சென்றது. சொத்துத் தகுதி பெண்களுக்கும் பொருந்தியதால் பயனடைந்தோர் சிலரே எனினும், அன்று திறந்த வழி மூடவில்லை: 1926இல் நியமன உறுப்பினரான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, மறு ஆண்டு அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு எதிரான சட்டத்திற்கு அங்கிருந்தே வாதாடினார்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை நீக்கி, சென்னைக்குப் பேரவை, மேலவை என ஈரவைகளை அளித்தது. 1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ், ஆளுநரின் தனியதிகாரங்கள் அன்றாட ஆட்சியில் குறுக்கிடுமோ என்ற ஐயம் தீரும்வரை பதவியேற்க மறுத்து, ராஜாஜியின் தலைமையில் ஜூலையில்தான் அமைச்சரவை அமைத்தது.